இலங்கையைவிடச் சிறிய நாடு மட்டக்களப்புக் கோட்டையை எப்படிப் பிடித்தது?

புளியந்தீவு அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் இந்த வருடம் உயர்தரத்துக்கு வரலாறு எடுத்திருக்கிறாள். போன ஞாயிறு பின்னேரம் காந்தி பூங்காவில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் கோட்டைப் பக்கமாக நடந்து வந்தோம். மதிலில் கையை வைத்துக்கொண்டு நின்றவள் திடீரென்று, "அம்மா, நெதர்லாந்து இலங்கையைவிடச் சின்னது. அது 41,000 சதுர கிலோமீற்றர் சொச்சம், நாங்கள் 65,000. அவ்வளவு சின்ன நாடு இவ்வளவு தூரம் கப்பலில் வந்து இந்தக் கோட்டையை எப்படிப் பிடித்தது?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுடைய குறிப்புக் கொப்பியில் வருடங்கள்தான் இருக்கின்றன. 1602இல் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் (நெதர்லாந்து) கப்பல் தலைவர் வந்து இறங்கினார், 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர், 1638இல் வெஸ்டர்வோல்ட் என்ற ஒல்லாந்தத் தளபதி அதைப் பிடித்தார். ஏன், எப்படி என்று ஒரு வரிகூட இல்லை. வருடத்தைப் பாடமாக்கிப் புள்ளி எடுத்துவிடுவாள், அது பிரச்சினை இல்லை. கேட்ட கேள்விக்கு வீட்டில் ஒருவரும் பதில் சொல்லவில்லை என்று பிள்ளை நினைக்கக்கூடாது. அதற்காகத்தான் இங்கே எழுதுகிறேன்.

இன்னும் ஒன்று. நம்முடைய வாவிக்குள் பெரிய கப்பல் எப்படி வந்திருக்கும்? அந்தப் படைவீரர்கள் எல்லோரும் ஒல்லாந்தர்தானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முகத்துவாரத்தான்:

அக்கா, எனக்கு வரலாற்றுப் படிப்பு இல்லை. ஆனால் ஆற்றுவாய் தெரியும். பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குக் கிட்டத்தான் வீடு, அப்பா காலத்திலிருந்து கடல்தொழில்.

பெரிய கப்பல் உள்ளே வந்திருக்கவே முடியாது. மாரியில் வெள்ளம் ஏறினால் வாய் உடைத்துக்கொண்டு ஓடும், அல்லது வெட்டிவிடுவார்கள். வெள்ளம் வடிந்த பிறகு கடல் மணலைக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடும். சித்திரை, வைகாசியில் எங்கள் வள்ளத்தையே தள்ளிக்கொண்டு போகவேண்டிய வருடங்கள் உண்டு. அந்தக் காலத்திலும் மணல் மணல்தான். கப்பலை வெளியில் நங்கூரம் போட்டுவிட்டு, படகில்தான் ஆளும் சாமானும் கரைக்கு வந்திருக்கும்.

உங்கள் கேள்வியை வாசித்தபோது எனக்கு இன்னொன்று பட்டது. ஸ்பில்பேர்கன் வந்தது மே மாதக் கடைசி என்று எங்கோ வாசித்த ஞாபகம். கோட்டை விழுந்ததும் மே மாதம். எங்கள் கரைக்கு அதுதான் நல்ல காலம். கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும், அலை படுத்துவிடும். கார்த்திகை, மார்கழி வாடையில் வந்து வெளியில் நங்கூரம் போட்டுப் பார்க்கட்டும், கயிறு தாங்காது. வந்தவர்கள் காற்றைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

பழைய கப்பல்காரன், களுவாஞ்சிகுடி:

தங்கச்சி, மருமகளின் கேள்வி நல்ல கேள்வி. நான் 22 வருடம் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தவன். ரொட்டர்டாம் துறைமுகத்துக்கு எத்தனை தடவை போனேன் என்று கணக்கில்லை. லீவு கிடைத்த நாட்களில் மற்றவர்கள் கடைக்குப் போவார்கள், நான் பழைய கப்பல் பார்க்கப் போவேன். மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு அந்த நாட்டைப் பார்க்கும்போது இதே கேள்விதான் வந்தது. எனக்குக் கிடைத்த பதிலைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் தம்பி சொன்ன ஆழக் கணக்கு. லெலிஸ்டாட் என்ற ஊரில் 'பட்டாவியா' என்ற ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனிக் கப்பலை அப்படியே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். மூலக் கப்பல் 1628இல் கட்டியது. மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் கல் வைத்துக்கொண்டிருந்த அதே வருடம். நீளம் 56 மீற்றர், தண்ணீருக்குக் கீழே சுமார் 5 மீற்றர். அதன் தட்டில் நின்றபோது எனக்கு ஆற்றுவாய்தான் ஞாபகம் வந்தது. இதில் பாதிக் கப்பல்கூட உள்ளே போகாது. எனவே கப்பல் கோட்டைக்குப் போகவில்லை. பீரங்கியைத் தரையில் இறக்கி, கோட்டைக்கு எதிரே நிறுத்தி அடித்தார்கள்.

ஆனால் கோட்டை விழுந்த காரணம் பீரங்கி மட்டும் இல்லை. கோட்டை விழுந்தது கோவாவில். இதைத்தான் மருமகளுக்கு முக்கியமாகச் சொல்லுங்கள்.

போர்த்துக்கேயருக்கு ஆசியாவில் தலைநகரம் கோவா. இலங்கையில் ஒரு கோட்டைக்கு ஆபத்து என்றால் ஆள், வெடிமருந்து, அரிசி, காசு எல்லாம் அங்கிருந்து வரவேண்டும். 1636இலிருந்து ஒல்லாந்தர் ஒவ்வொரு வருடமும் மழைக்காலம் முடிந்ததும் ஒரு கப்பற்படையைக் கோவாவுக்கு வெளியே நிறுத்தி, வாசலை மறித்தார்கள். 1638 தொடக்கத்தில் அந்த மறிப்புப் படைக்குத் தலைவர் யார் தெரியுமா? நம்முடைய கோட்டையைப் பிடித்த அதே வெஸ்டர்வோல்ட். கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் தூதர்கள் அங்கேதான் போய் அவரைச் சந்தித்தார்கள். அவர் கொஸ்டர் என்பவரைச் சில கப்பல்களோடு முன்னால் அனுப்பி மட்டக்களப்பை மறிக்கவிட்டார், பிறகு தானும் வந்தார்.

இப்போது காற்றைப் பாருங்கள். தம்பி சொன்ன கச்சான் இங்கே கடலைப் படுக்கவைக்கிறது. அதே பருவக்காற்று இந்தியாவின் மேற்குக் கரையில் கோவாவின் ஆற்றுவாயை அலையாலும் மணலாலும் மூடிவிடும். மே முடிவிலிருந்து செப்டெம்பர்வரை கோவாவிலிருந்து கப்பல் வெளிக்கிட முடியாது. அதாவது, கோவாவை மறித்து நின்ற ஒல்லாந்தக் கப்பலுக்கு அங்கே வேலை முடிகிற நேரம், இங்கே வேலை தொடங்குகிற நேரம். ஒரே கப்பல், ஒரே ஆள், ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. உதவி வரமுடியாத மாதம் பார்த்துக் கோட்டையை அடிக்கிறார்கள். அடுத்த வருடம் திருகோணமலையைப் பிடித்ததும் மே மாதத்தில்தான். நான் இதை முதலில் விளங்கிக்கொண்ட அன்று இரவு நித்திரையே வரவில்லை. காற்றை அறிந்தவர்கள் நம்முடைய கடற்கரைகளில் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். இரண்டு கரையையும் ஒரே அட்டவணையில் ஓட்டுவதற்குக் கப்பல்தான் நம்மிடம் இல்லை.

சரி, அந்தக் கப்பல்கள் எங்கிருந்து வந்தன? அந்த நாட்டில் கப்பல் கட்டப் போதிய மரம் கிடையாது. சேறும் தண்ணீரும்தான். மரம் நோர்வேயிலிருந்தும் பால்டிக் கடற்கரையிலிருந்தும் வந்தது. வந்த மரத்தை அறுப்பதற்கு 1594இல் காற்றாலையால் ஓடும் வாள்பட்டறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கையால் அறுத்தால் கிழமைக்கணக்கு, காற்றாலை நாட்கணக்கு. அடுத்த வருடம் ஹோர்ன் என்ற ஊரில் ஒரு புது வகைச் சரக்குக் கப்பல் கட்டினார்கள். வயிறு பெருத்தது, சாமான் நிறையக் கொள்ளும், பாய் இழுக்கக் கொஞ்ச ஆள் போதும். கப்பலில் வேலை செய்தவனுக்குத் தெரியும், ஆள் குறைந்தால் கூலியும் சாப்பாடும் குறையும். மற்ற நாட்டுக்காரரைவிட மலிவாகச் சாமான் ஏற்றினார்கள். ஐரோப்பாவின் தானியமும் மரமும் மீனும் அவர்கள் கையால் போனது. அந்தப் பழக்கத்தில் வந்த மாலுமிகள்தான் சண்டைக் கப்பலுக்கும் ஆள்.

காசு மூன்றாவது விசயம். 1602 மார்ச் 20இல் கிழக்கிந்தியக் கொம்பனியைத் தொடங்கினார்கள். வியாபாரி மட்டும் இல்லை, வேலைக்காரரும் பங்கு போட்டார்கள். மொத்தம் 64 இலட்சம் கில்டர் (அந்த நாட்டுக் காசு). கொம்பனிக்குப் படை வைக்கலாம், கோட்டை கட்டலாம், மன்னர்களோடு ஒப்பந்தம் எழுதலாம் என்று அரசாங்கமே அதிகாரம் கொடுத்தது. நாட்டின் சொந்தக் கடற்படை வேறு. அதை ஐந்து தனித்தனி நிர்வாகங்கள் நடத்தின. அவை ஒன்றோடொன்று சண்டை பிடித்துக்கொள்ளும், ஆனால் துறைமுக வரி அவற்றின் கைக்கு நேரே வந்தது. அதோடு ஒல்லாந்து மாகாணம் நூற்றுக்கு நாலு, ஐந்து வட்டிக்குக் கடன் எடுக்கக்கூடியதாக இருந்தது. சொன்ன தவணைக்குத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று சனம் நம்பியது. அவர்களோடு சண்டை பிடித்த ஸ்பானிய மன்னனுக்கு அமெரிக்க வெள்ளி வந்துகொண்டிருந்தும் அந்த நம்பிக்கை இல்லை. 1628இல் அந்த வெள்ளிக் கப்பல்களையே பீட் ஹெய்ன் என்ற ஒல்லாந்தத் தளபதி கியூபாக் கரையில் மடக்கிப் பிடித்தார்.

படைவீரரைப் பற்றி நாளை எழுதுகிறேன். கண் நோகிறது.

அக்கரைப்பற்று ஆசிரியர்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கப்பல்காரர் நன்றாகச் சொன்னார். ஆனால் ஒரு பக்கம் விடுபடுகிறது, சகோதரி.

ஒல்லாந்தர் தனியாக வந்து பிடிக்கவில்லை. 1638 மார்ச் 28இல் கன்னொறுவையில் இராசசிங்கனின் படை போர்த்துக்கேயப் படையை அழித்துவிட்டது, அவர்களின் தளபதி தியோகோ டி மெலோவும் அங்கே செத்தார். மட்டக்களப்புக் கோட்டை சரணடைந்தது மே 18. இடையில் 51 நாள். அந்த நேரத்தில் போர்த்துக்கேயரிடம் கோட்டையை மீட்க வரக்கூடிய தரைப்படையே இலங்கையில் இல்லை. மன்னன் தன் ஆட்களோடு இங்கே இறங்கி வந்தான். பாதை காட்டியதும் சாமான் சுமந்ததும் இந்த மண்ணின் ஆட்கள். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னொரு கதையும் சொல்லுவார்கள்: 1626இல் போர்த்துக்கேயர் துரத்திய எங்கள் முஸ்லிம் ஆட்கள் நாலாயிரம் பேரைக் கண்டி மன்னன் செனரத் கிழக்கில் குடியேற்றினான் என்று. அவர்களின் பிள்ளைகளுக்குப் போர்த்துக்கேயரை அனுப்பிவிட வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு இருந்திருக்கும்!

ஒப்பந்தத்தைப் பிள்ளை கட்டாயம் படிக்கவேண்டும். 1638 மே 23இல், இங்கே மட்டக்களப்பில்தான் எழுதினார்கள். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைப்பது பற்றி மூன்றாவது உறுப்புரை. மன்னனிடம் இருந்த பிரதியில் 'மன்னன் விரும்பினால்' என்ற சொற்கள் இருந்தன. ஒல்லாந்தரின் பிரதியில் அந்தச் சொற்கள் இல்லை. படைச் செலவையும் மன்னன் கறுவாவாலும் மிளகாலும் மெழுகாலும் கட்டவேண்டும். செலவைக் கணக்கு எழுதுவது ஒல்லாந்தர். கடன் தீரவே இல்லை. மட்டக்களப்புக் கோட்டை 1643இல் மன்னன் கைக்கு வந்தது, அவன் இடித்தான். 1668இல் அவர்கள் திரும்ப வந்து பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் தொட்டுப் பார்த்த மதிலில் பெரும்பகுதி அதற்குப் பிறகு அவர்கள் கட்டியது. 'இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கினோம்' என்று சிங்களத்தில் ஒரு பேச்சு இருக்கிறது, இதைப் பற்றித்தான்.

நான் வகுப்பில் சொல்லுவது இதுதான்: பீரங்கியால் பிடித்ததைவிட அந்த இரண்டு சொல்லால் பிடித்தது கூட.

புளியந்தீவு அம்மா:

சேர், அண்ணன், தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. மகள் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறாள். கோவாவையும் மட்டக்களப்பையும் ஒரே படத்தில் வரைந்து, காற்றுக்கு அம்புக்குறி போட்டிருக்கிறாள். படைவீரர் விசயத்துக்குக் காத்திருக்கிறோம். அவள் கேட்கச் சொன்ன இன்னொன்று: இவ்வளவு பலம் இருந்தவர்கள் பிறகு ஏன் இங்கிலீசுக்காரரிடம் விட்டுவிட்டுப் போனார்கள்?

பழைய கப்பல்காரன், களுவாஞ்சிகுடி:

ஆசிரியர் சேர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். கடலைப் பூட்டினார்கள், தரையைத் திறந்துவிட்டது கண்டிப் படை.

இனி வீரர்கள். இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. கொம்பனியின் வீரர்களில் பெரும்பங்கு ஒல்லாந்தரே இல்லை. ஜேர்மன் ஊர்களிலிருந்தும் ஸ்கண்டிநேவியாவிலிருந்தும் வந்த ஏழைப் பையன்கள். அம்ஸ்டர்டாமுக்கு வேலை தேடி வருவார்கள். ஒரு விடுதிக்காரர் இடமும் சாப்பாடும் கொடுத்து, உடுப்பும் பெட்டியும் வாங்கிக் கொடுத்து, கொம்பனியில் சேர்த்துவிடுவார். அதற்குப் பதிலாக 150 கில்டர் கடன் சீட்டு. சாதாரண வீரனுக்கு மாதம் 9 கில்டர் சம்பளம். கணக்குப் பாருங்கள், ஒன்றரை வருடச் சம்பளத்துக்குக் கிட்ட, கப்பல் ஏறமுதலே போய்விட்டது. அந்த விடுதிக்காரருக்கு ஊரில் வைத்த பெயர் 'ஆன்மா விற்கிறவன்'.

நான் முதல் கப்பல் ஏறியபோது என்னை அனுப்பிய முகவருக்கு அம்மாவின் காப்பு இரண்டும் போனது. ஏறிய பிறகும் ஏழு மாதச் சம்பளத்தில் பாதியை அங்கேயே வெட்டினார்கள். அந்த நாட்டில் ஒரு அருங்காட்சியகத்தில் 150 கில்டர் சீட்டைப் பற்றி வாசித்துக்கொண்டு நின்றபோது, நானூறு வருடத்துக்கு முந்திய ஒரு ஜேர்மன் பையன் பக்கத்தில் நிற்கிறமாதிரி இருந்தது. அவனைப் பகைவன் என்று நினைக்க முடியவில்லை.

இங்கே வந்து சேர எட்டு மாதம் அளவில் ஆகும். ஸ்பில்பேர்கன் முதல் தடவை வந்தபோது 1601 மே மாதம் சீலாந்திலிருந்து ஆட்டுக்கடா, செம்மறி, ஆட்டுக்குட்டி என்று பெயர் வைத்த மூன்று கப்பலோடு வெளிக்கிட்டு, ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தார். கொம்பனியின் இரண்டு நூற்றாண்டில் பத்து இலட்சத்துக்குக் கிட்ட ஆட்கள் ஆசியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். திரும்பியவர்கள் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். வெடியில் செத்தது கொஞ்சம், காய்ச்சலிலும் வயிற்றோட்டத்திலும் செத்ததுதான் அதிகம்.

அப்படிச் சேர்த்த ஆட்களை வைத்து எப்படி வென்றார்கள்? பயிற்சி. 1590களில் ஒல்லாந்தப் படைத்தலைவர் மொரிஸ் இளவரசரும் அவருடைய மைத்துனர் வில்லெம் லோடெவைக்கும் ஒரு முறை கொண்டுவந்தார்கள். துவக்குக்காரர் வரிசையாக நிற்பார்கள். முன் வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போய் மருந்து நிரப்பும், அடுத்த வரிசை முன்னால் வந்து சுடும். வெடி இடைவிடாது. துவக்கைத் தூக்குவது, மருந்து போடுவது, குண்டை இடிப்பது என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கட்டளை. ஸ்பெயினோடு 1568இலிருந்து 1648வரை 80 வருடம் சண்டை பிடித்த நாடு அது. அதைவிட முக்கியம், சம்பளம் தவணைக்கு வந்தது. சம்பளம் வராத ஸ்பானியப் படை அடிக்கடி கலகம் செய்து ஊரைக் கொள்ளையடித்தது. ஒல்லாந்தப் பட்டினத்தில் படை தங்கினால் கடைக்காரர் சந்தோசப்பட்டார்கள்.

தண்ணீரையும் படையாக்கினார்கள். 1672இல் பிரான்ஸ் மன்னன் பெரும் படையோடு உள்ளே வந்தபோது மதகைத் திறந்து வயலை எல்லாம் வெள்ளத்தில் மூழ்கடித்தார்கள். தோணி விடுவதற்கு ஆழம் போதாது, நடப்பதற்கு ஆழம் கூட. மாரி வெள்ளத்தில் படுவான்கரைக்குப் போய் வந்த நமக்கு அது நன்றாக விளங்கும்.

கடலில் அவர்களின் உச்சம் 1667 ஜூன். தேம்ஸ் வாயால் நுழைந்து மெட்வே ஆற்றில் நின்ற இங்கிலாந்துக் கப்பல்களை எரித்து, 'றோயல் சார்ள்ஸ்' என்ற அவர்களின் பெரிய கொடிக்கப்பலை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அதன் பின்பக்கச் செதுக்கல் அம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன், சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும்.

மருமகளின் கடைசிக் கேள்வி. விட்டுப்போகக் காரணம், கப்பலை வளர்க்காமல் விட்டது. 1700களில் காசுள்ளவர்கள் கடன் கொடுத்து வட்டி வாங்கப் பழகிவிட்டார்கள், பெருங்கடன் தரைப்படைக்கும் எல்லைக் கோட்டைகளுக்கும் போனது, இங்கிலாந்தோ வருடம் வருடம் போர்க்கப்பல் இறக்கிக்கொண்டிருந்தது. இலங்கையில் 1765இல் கண்டி நகரத்துக்குள்ளேயே புகுந்தார்கள், ஆனால் அங்கே நிற்க முடியவில்லை. காடும் காய்ச்சலும் விடவில்லை. 1766 ஒப்பந்தத்தில் கரை முழுவதும் அவர்களுக்கு என்று எழுதி வாங்கினார்கள். கரை முழுவதையும் காக்கக் கப்பல் வேண்டுமே. 1780இல் தொடங்கிய இங்கிலாந்துச் சண்டையில் 1782 ஜனவரியில் திருகோணமலை இங்கிலீசுக்காரர் கைக்குப் போனது, ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் அவர்களிடமிருந்து பிடித்தார்கள். ஒல்லாந்தரின் கோட்டைக்காக வேறு இரண்டு பேர் சண்டை பிடிக்க, சொந்தக்காரரின் கப்பல் அங்கே இல்லை.

1795இல் பிரான்ஸ் படை நெதர்லாந்துக்குள் வந்தது, ஒல்லாந்தரின் தலைவர் இங்கிலாந்துக்கு ஓடினார். ஓகஸ்டில் திருகோணமலை இங்கிலீசுக்காரரிடம் விழுந்தது. செப்டெம்பர் 18இல் மட்டக்களப்பு. கோவா வாசலைப் பூட்டி வாங்கிய கோட்டைக்கு, இந்த முறை வெளியிலிருந்து உதவி வர வழி இல்லாமல் போனது ஒல்லாந்தருக்கு.

புளியந்தீவு அம்மா:

அண்ணன், ஜேர்மன் பையனைப் பற்றி எழுதியதை மகள் இரண்டு தடவை வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தாள். பிறகு, ஆற்றுவாயைப் பார்க்கவேண்டும் என்றாள். புளியந்தீவில் பிறந்தும் நான் அவளை அங்கே ஒருநாளும் கூட்டிப்போனதில்லை. தம்பி, எப்போது வந்தால் நல்லது?

முகத்துவாரத்தான்:

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாருங்கள் அக்கா. இப்போது வாய் முக்கால்வாசி மூடிக் கிடக்கிறது. வெளியில் வள்ளங்கள் நிற்கிற இடத்துக்கும் அப்பால்தான் ஆழம் தொடங்குகிறது, கப்பல்கள் நின்றிருக்கக்கூடிய இடத்தைக் கரையில் நின்றே காட்டுகிறேன். பிள்ளைக்குத் தொப்பி கொண்டு வாருங்கள், எட்டு மணிக்கு மேல் மணல் சுடும்.